மறதியும் சோம்பலும் யாருடைய குணம்?



திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் உள்ள ஊர்களில் வேலை செய்கிற எங்களுக்குச் சில வாக்கியங்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. பள்ளியில் கேட்டால், "பையன் நல்லவன்தாங்க, ஆனா மந்தம். சொன்னது மண்டையில ஏறாது." செங்கல் சூளையில் கேட்டால், "இவங்களுக்கு நாளைக்குன்னு ஒரு யோசனையே கிடையாது. கையில காசு இருந்தா போதும்." மனு வாங்குகிற மேசையில் கேட்டால், "எத்தனை தடவை சொன்னாலும் ஒரு பேப்பர விட்டுட்டுத்தான் வருவாங்க." பேசுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். பேசப்படுகிறவர்கள் மட்டும் எப்போதும் நம் ஆட்கள்: சேரிப் பிள்ளை, இருளர் குடும்பம், பாசிமணி விற்கிற நரிக்குறவர் அக்கா. எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "அது அவங்க குணம்."

இந்தக் 'குணம்' என்ற சொல்லை இன்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சாதியைப் பற்றிப் பேசும்போது நாம் நிலம், கூலி, கோவில், சுடுகாடு என்று பேசுகிறோம். சரிதான். ஆனால் ஒரு மனிதனின் மனதுக்குள் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதும் அரசியல்தான். அதைப் பற்றி நம் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை.

உளவியலில் 'வொர்க்கிங் மெமரி' என்று ஒன்றைச் சொல்வார்கள். செயல் நினைவு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா பெயர், எட்டாம் வாய்ப்பாடு, ஊர் எல்லை இவையெல்லாம் நெடுநாள் நினைவில் கிடப்பவை. செயல் நினைவு வேறு. ஒரு வேலை முடிகிறவரை சில விவரங்களை மனதில் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் அவற்றை வைத்து யோசிக்கவும் செய்கிற இடம் அது. கைப்பேசிக்கு வந்த 6 இலக்க ஓ.டி.பி.யைப் பார்த்து இ-சேவை மையத்தில் இருப்பவரிடம் சொல்லும்வரை வைத்திருக்கிறோமே, அது. கிலோ 45 ரூபாய், 3 கிலோ வாங்கி 200 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போடுகிறோமே, அது. ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974-இல் இதற்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1956-இல், ஜார்ஜ் மில்லர் மனிதனால் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 7 விவரங்களைப் பிடித்து வைக்க முடியும் என்றார். நெல்சன் கோவன் 2001-இல் அதையும் குறைத்து 4 என்றார். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஆனால் யாருக்கும் அது கடல் அல்ல, குடம்தான். கலெக்டருக்கும் குடம்தான், கூலிக்காரருக்கும் குடம்தான்.

ஏற்கெனவே குடத்தில் என்ன நிரம்பியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். "நோட்டை எடு, 42-ஆம் பக்கம் திற, மூணாவது கணக்கைப் போடு, முடிச்சவன் எழுந்து நில்லு." டீச்சருக்கு இது ஒரே வாக்கியம். பிள்ளைக்கு 4 கட்டளைகள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை, ராத்திரி அப்பா அம்மா கடன் சண்டையைக் கேட்டுக்கொண்டே படுத்த பிள்ளை, இரண்டாவது கட்டளையோடு நின்றுவிடும். நோட்டும் கையுமாக ஜன்னலைப் பார்க்கும். அதைப் பார்க்கிற ஆசிரியருக்குத் தெரிவது மறதி அல்ல, அலட்சியம். இங்கிலாந்தில் ட்ரேசி அல்லோவே, சூசன் கேதர்கோல் குழுவினர் 5 முதல் 11 வயது வரையிலான 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து, செயல் நினைவு மிகக் குறைவாக இருந்த 300-க்கும் மேற்பட்டவர்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வு. அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் சொன்னவை: கவனம் இல்லை, சட்டென்று கவனம் சிதறுகிறது, எடுத்த வேலையை முடிப்பதில்லை. இதற்கெல்லாம் அடியில் நினைவுச் சுமை இருக்கலாம் என்ற எண்ணம் ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் வரவே இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், வருகைப் பதிவைப் பார்த்த உடனேயே யார் எந்தத் தெரு என்று தெரிந்துவிடுகிற நம் ஊரில் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே அது அந்தப் பிள்ளையின் குணம். இங்கே அது அந்தத் தெருவின் குணம்.

சரி, செயல் நினைவுக்கும் குணத்துக்கும் உண்மையில் தொடர்பே கிடையாதா? இருக்கிறது, ஆனால் நம் ஊர் வாய்கள் சொல்கிற மாதிரி இல்லை. இன்றைய ஆளுமை ஆய்வுகள் மனிதனின் பண்புகளை 5 அளவுகோல்களில் பார்க்கின்றன: புதியதைத் தேடும் மனம், பொறுப்புணர்வு, வெளியே கலகலப்பாகப் பழகுவது, இணங்கிப் போவது, பதற்றத்துக்கு எளிதில் ஆளாவது. இவற்றில் புதியதைத் தேடும் மனத்துக்கும் செயல் நினைவுக்கும் சிறிய அளவில் ஒத்துப்போகிறது. பதற்றத்துக்கும் செயல் நினைவுக்கும் எதிர்த் தொடர்பு இருக்கிறது. பதற்றம் கூடினால் செயல் நினைவு குறைகிறது என்று 2016-இல் டிம் மோரன் ஏராளமான ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார். அதற்குக் காரணமாக மைக்கேல் ஐசன்க் போன்றவர்கள் சொல்வது எளிமையானது. கவலையும் ஒரு வேலைதான், மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. குடத்தில் அதற்கும் இடம் வேண்டும்.

பொறுப்புணர்வுக்கு வருவோம். அதற்கும் செயல் நினைவின் அளவுக்கும் இருக்கும் தொடர்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்கிற அளவுக்குச் சிறியது. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள் தோழர்களே, நமக்கு மிக முக்கியம். ஒருவருக்குச் சொன்ன வேலை மறந்துபோனது என்பதிலிருந்து அவர் பொறுப்பில்லாதவர் என்ற முடிவுக்குப் போக வழியே இல்லை. ரொம்பப் பொறுப்பான ஆள் ரொம்ப மறதியாக இருக்கலாம். வருமானச் சான்றிதழை மறந்துவிட்டு வந்த அம்மாவை 'பொறுப்பு கெட்டது' என்கிற வாய்க்கு அறிவியலில் ஆதாரம் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த 5 அளவுகோல் கேள்வித்தாள்களே எல்லா மக்களிடமும் சரியாக வேலை செய்வதில்லை. ஏழை, நடுத்தர வருமானமுள்ள 23 நாடுகளில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்புகளை ரஷீத் லாஜாஜும் சக ஆய்வாளர்களும் 2019-இல் சோதித்தார்கள். கேள்விகள் அளக்க வேண்டியதை அங்கே சரியாக அளக்கவில்லை என்று கண்டார்கள். பேண்ட் சட்டை போட்டு, கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறவரிடம் "நீங்கள் சோம்பேறியா?" என்ற கேள்விக்கு நம் அம்மாக்கள் என்ன பதில் சொல்வார்கள்? வந்தவர் முகம் பார்த்துத்தான் சொல்வார்கள். வேலைவாய்ப்புக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் 'பெர்சனாலிட்டி டெஸ்ட்' என்று காகிதம் நீட்டுகிற காலம் இது. நீட்டுகிறவரிடம் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்.

குணத்தை வைத்து மனிதனைப் பிரிப்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. குணமும் கர்மமும் பார்த்துத்தான் நான்கு வருணம் என்று கீதையைக் காட்டிச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'பிறப்பால் அல்ல, குணத்தால்தான் வருணம்' என்று நாகரிகமாகப் பேசிய ஆரிய சமாஜிகளுக்கு பாபாசாகேப் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் பதில் சொன்னார். லாகூரில் பேச விடாமல் ரத்து செய்யப்பட்ட உரை அது. கோடிக்கணக்கான மனிதர்களை நான்கே நான்கு டப்பாக்களில் போட முடியும் என்பது மனிதனைப் பற்றிய மேலோட்டமான பார்வை என்று அன்றைய அறிவியலை வைத்தே வாதாடினார். இன்றைய ஆளுமை ஆய்வும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. பண்புகள் டப்பாக்கள் அல்ல, அளவுகோல்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோட்டிலும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறோம், இடம் மாறவும் செய்கிறோம். வெள்ளைக்காரன் 1871-இல் கொண்டுவந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம் இதற்கு நேர் எதிர். ஒரு சமூகம் முழுவதற்கும் பிறவியிலேயே ஒரு குணம் என்று கெஜட்டில் அச்சடித்தது. சட்டம் போய்விட்டது. வாய் போகவில்லை.

மாமல்லபுரம் கடற்கரையில் பாசிமணி விற்கிற பெண்களை உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? கையில் 20 மாலை. ஒவ்வொன்றுக்கும் கொள்முதல் விலை வேறு. வெளிநாட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு விலை, பேரம் இறங்க இறங்க எது வரை இறங்கலாம் என்ற கணக்கு, பக்கத்தில் விளையாடுகிற குழந்தை மீது ஒரு கண், விரட்ட வருகிறவர் மீது இன்னொரு கண். செயல் நினைவுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை எந்தப் பல்கலைக்கழகத்திலும் வைக்க மாட்டார்கள். 2021 அக்டோபரில் தலசயனப் பெருமாள் கோவில் அன்னதானத்தில் பூஞ்சேரி நரிக்குறவர் பெண்ணுக்கு இடம் மறுக்கப்பட்டு, அவர் அதைப் பற்றிப் பேசிய வீடியோ பரவியபோது, "இவ்வளவு கோர்வையா பேசுறாங்களே" என்று பலர் வியந்தார்கள். அமைச்சர் வந்து கூட உட்கார்ந்து சாப்பிட்டார், நவம்பரில் முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்தார். அதெல்லாம் நல்லதுதான். எங்களுக்கு உறுத்தியது அந்த வியப்பு. அவர் கோர்வையாகப் பேச மாட்டார் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால்தானே வியப்பு வரும்?

பாராட்டிலும் இதே கோளாறு உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டு, 2 வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் எல்லாருக்கும் பெருமை. ஆனால் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த சொற்கள் 'பிறவித் திறமை', 'ரத்தத்தில் ஊறியது' என்பவை. இதுவும் குணம்தான், பூமாலை போட்ட குணம். அவர்களுடையது ரத்தம் அல்ல, பயிற்சி. சிறு வயதிலிருந்து புல்லின் வளைவையும், மண்ணின் தடத்தையும், பாம்பு உரித்துப் போட்ட சட்டையையும் படித்துப் படித்துச் சேர்த்த அறிவு. 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் நஞ்சு எடுத்துவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதியைக் கொடுத்திருக்கிறது என்றால் அது அந்த அறிவின் வேலை.

இதற்கும் செயல் நினைவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செஸ் ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டத்தில் காய்கள் நிற்கிற பலகையைச் சில விநாடிகள் காட்டிவிட்டு மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய அப்படியே திரும்ப அடுக்கிவிடுவார். புதியவரால் முடியாது. காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டினால் தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்விடுகிறது. தேர்ந்தவரின் குடம் பெரியது அல்ல. பழகிய ஒழுங்கு இருக்கிற இடத்தில் பத்து விவரங்களை ஒரே முடிச்சாகக் கட்டி வைத்துக்கொள்கிறார். நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கலைத்து வைத்த பலகை. புதிய சொற்கள், வீட்டில் யாரும் பேசாத தமிழ், ஆங்கில வழி என்றால் இன்னும் மோசம். பக்கத்து பெஞ்சில் அப்பா அம்மா இரண்டு பேரும் படித்த வீட்டுப் பிள்ளைக்கு அதே பலகை பழகிய ஆட்டம். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்து, வந்த மார்க்குக்குத் தகுதி என்று பெயர் வைக்கிறார்கள்.

வறுமைக்கும் மனதின் இடத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். முன்பு என்றால் நகை அடகில் இருக்கிற, கடன் ஏறியிருக்கிற நேரம். பின்பு என்றால் கையில் பணம் வந்த நேரம். அவர்கள் அளந்தது செயல் நினைவை அல்ல, அதற்கு நெருங்கிய சொந்தங்களான புதிர் தீர்க்கும் திறனையும் மனக் கட்டுப்பாட்டையும். அதே ஆள், அதே மூளை. ஆனால் அறுவடைக்குப் பிறகு நன்றாகச் செய்தார். குணம் 4 மாதத்தில் மாறுமா? சுமை மாறியது.

இதை வைத்துக்கொண்டு சாமியாட வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். புள்ளிவிவரம் அலசிய விதத்தைப் பற்றி அப்போதே மறுப்புகள் வந்தன. அமெரிக்காவில் ஏழை மக்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த கார்வால்யோ குழுவினர், 2016-இல், அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதினார்கள். மேடையில் பேசும்போது "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று முழங்குவதற்கு முன் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் கூகுளில் தேடிவிட்டுத்தான் கை தூக்குவார்.

எங்களுக்கு அந்த ஆய்வில் உறுத்துகிற விஷயம் வேறு. அதில் சோதிக்கப்பட்டவர்களுக்கு அறுவடை என்று ஒன்று இருந்தது. சொந்தமாகக் கரும்பு இருந்தது. வெட்டிய பிறகு பணம் வரும் என்று ஒரு நாள் இருந்தது. அந்தக் கரும்பை வெட்டிய கூலிக்காரருக்கு 'அறுவடைக்குப் பின்' என்று ஒரு மாதம் உண்டா? சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போன இருளர் குடும்பத்துக்குச் சீசன் முடிந்தால் கணக்கு முடியுமா? முதலாளி நோட்டில் இருக்கிற எண் அவர்களுக்குத் தெரியாது. தெரியாத எண்ணை மனதில் சுமப்பதுதான் இருப்பதிலேயே பெரிய சுமை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. மீட்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி இன்றும் சொல்லப்படுகிற குற்றச்சாட்டு, "மறுபடி போய் முன்பணம் வாங்கிட்டாங்க, திருந்த மாட்டாங்க" என்பது. விடுதலைச் சான்றிதழும், அதற்கான நிவாரணத் தொகையும், ரேஷன் கார்டும், வீட்டுமனையும் எத்தனை மாதம் கழித்து வந்தன என்று அந்த வாய் கேட்பதில்லை.

பஞ்சமி நிலத்திலும் இதே கதைதான். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையில் பறையர் மக்களுக்குச் சொந்தக் குடிமனைகூட இல்லாததையும், கடனையும், பண்ணையடிமைத்தனத்தையும் விவரித்தார். 1892-இல் நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. அந்த நிலம் இன்று எங்கே என்று கேட்டால் கிடைக்கிற பதில், "குடிச்சிட்டு வித்துட்டாங்க." நிலத்தை மற்றவருக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனை பட்டாவிலேயே இருந்தபோது வாங்கியவர் குணம் என்ன, பதிவு செய்தவர் குணம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். நிலத்தின் அருமை தெரியாத மக்கள் செய்கிற காரியமா அது?

அதே நிலத்துக்கு இன்று மனு கொடுக்கப் போகிறவர் எதையெல்லாம் மனதில் வைத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். பழைய சர்வே எண், உட்பிரிவு ஆன பிறகு புது எண், சிட்டா யார் பெயரில், 'அ' பதிவேட்டில் என்ன இருக்கிறது, போன முறை கொடுத்த மனுவின் எண், எந்தக் கிழமை யாரைப் பார்க்க வேண்டும், அன்றைக்குப் போகிற கூலி, பேருந்து நேரம். இதில் ஒன்றை மறந்தால் அடுத்த திங்கட்கிழமை. எழுதிக் கொடுத்தால் மறக்காது. தேவைப்படுகிற காகிதங்களை ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். ஆனாலும் வாயால் வேகமாகச் சொல்லிவிட்டு, மறந்து வந்தால் திட்டுவது நடக்கிறது. வாய்மொழியாகவே வைத்திருப்பதில் ஒரு அதிகாரம் இருக்கிறது. பழங்குடிச் சான்றிதழுக்காக கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிற இருளர் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதற்குத் தீர்வு என்று நகரத்துக்கு நகரம் மூளைப் பயிற்சி வகுப்புகள் முளைத்திருக்கின்றன. நினைவாற்றலை இரட்டிப்பாக்குகிறோம் என்கிறார்கள். கணினியில் செயல் நினைவுப் பயிற்சி எடுத்தவர்கள் அந்த விளையாட்டில் தேர்ந்தார்களே தவிர, கணக்கிலோ வாசிப்பிலோ நிலையாக முன்னேறவில்லை என்று மோனிகா மெல்பி-லெர்வாக், சார்லஸ் ஹல்ம் இருவரும் 2013-இல் தொகுத்துக் காட்டினார்கள். கூலிப் பணத்தை அதில் போட வேண்டாம் என்று தெரிந்த வீடுகளில் சொல்லிவிடுங்கள். குடத்தைப் பெரிதாக்க முடியாது. இறக்கி வைக்க இடம் கொடுக்கலாம்.

நம் அமைப்புகளுக்கும் இது பொருந்தும். விடுதியிலிருந்து முதல்முறை கூட்டத்துக்கு வருகிற பிள்ளையிடம் ஐந்து வேலையை வாயால் சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு நடக்கவில்லை என்றதும் "கமிட்மெண்ட் இல்லாத பையன்" என்று முத்திரை குத்துகிற அண்ணன்மார் நம்மிடமும் உண்டு. மேல்தெரு வாத்தியார் சொன்னால் சாதி, நாம் சொன்னால் கட்டுப்பாடா?

கடைசியாக நமக்கு மிக நெருக்கமான ஒரு சோதனை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் 6, 7-ஆம் வகுப்புப் பையன்களைக் கூட்டி, காகிதத்தில் வரைந்த சிக்கல் பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒன்றைத் தீர்த்தால் ஒரு ரூபாய். பாதிப் பேர் தலித் பிள்ளைகள், பாதிப் பேர் ஆதிக்க சாதிப் பிள்ளைகள். யார் என்ன சாதி என்று சொல்லாமல் நடத்தியபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு ஒவ்வொருவர் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டு நடத்தினார்கள். தலித் பிள்ளைகள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. அதே காகிதம், அதே ஒரு ரூபாய்.

ஏன் சரிந்தது? அவமானமும் பதற்றமும் செயல் நினைவைத் தின்றுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அமெரிக்காவில் டோனி ஷ்மேடரும் மைக்கேல் ஜான்ஸும் 2003-இல் இப்படித்தான் வாதாடினார்கள். ஆனால் பிறகு வந்த பெரிய சோதனைகள் சிலவற்றில், உதாரணமாக நெதர்லாந்தில் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்து 2018-இல் வெளியானதில், அந்த வகை விளைவு தெரியவில்லை. ஹாஃபும் பாண்டேயும் கொடுத்த விளக்கம் வேறு. சாதி தெரிந்துவிட்ட பிறகு தனக்கு நியாயமாகப் பரிசு கொடுக்க மாட்டார்கள் என்று பிள்ளை எதிர்பார்க்கிறான், அதனால் கை தளர்கிறது. எங்களுக்கு இரண்டாவது விளக்கம்தான் சரியென்று படுகிறது. நம் பிள்ளைகள் பயந்தாங்கொள்ளிகள் அல்ல, உலகம் தெரிந்தவர்கள். அனுபவம் சொல்லிக்கொடுத்த கணக்கை அவர்கள் போடுகிறார்கள். எந்த விளக்கத்தை எடுத்தாலும், கை தளர்ந்தது சாதியை உரக்க வாசித்த பிறகுதான்.

இப்போது நம் பள்ளிகளைப் பாருங்கள். உதவித்தொகை படிவம் வருகிற வாரத்தில், "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் உரக்கச் சொல்வது நம்மில் எத்தனை பேருக்கு நடந்தது? நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதி சொல்லிக் குறிப்பிடக் கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் தலைமை ஆசிரியர் அறையில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. கயிறு விஷயம்தான் தொலைக்காட்சி விவாதம் ஆனது. இந்தச் சின்னப் பரிந்துரைகளை யாரும் கவனிக்கவில்லை.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர் வட்டங்களில் படிக்கிற தோழர்கள், படித்த பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். உதவித்தொகைப் பட்டியலை எங்கே ஒட்டியிருக்கிறார்கள், வகுப்பில் எப்படி அழைக்கிறார்கள், படிவத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, வாயால் மட்டும் சொல்கிறார்களா. பார்த்ததைத் தேதி போட்டு எழுதி அனுப்புங்கள். பள்ளிகளின் பெயர் இல்லாமல் தொகுத்து முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொடுக்கப் போகிறோம்.